புள்ளி வண்டு எல்லாம் பகை இல்லை: தோட்டக் கேள்விகளுக்குப் பதில்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து: அக்கா, கத்தரி இலை சல்லடையாகிவிட்டது. புள்ளி போட்ட வண்டுதான். ஆனால் பொறிவண்டு நல்லது என்கிறார்களே?

எது என்று முதலில் பாருங்கள். இரண்டும் ஒரே குடும்பம், அதனால்தான் குழப்பம். இலை தின்னும் வண்டு மங்கலாக, முதுகில் மெல்லிய ரோமத்தோடு இருக்கும்; பெரும்பாலும் 28 புள்ளிகள். செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் முதுகு எண்ணெய் தடவியதுபோல மின்னும். அப்போதும் சந்தேகமா? புழுவைப் பாருங்கள். மஞ்சளாக, உடம்பெல்லாம் முள்ளாக, இலையின் பச்சையைச் சுரண்டிக்கொண்டு கிடந்தால் அதுதான் பகை. கறுப்பாக, நீளமாக, விறுவிறுவென்று ஓடினால் நம் ஆள். தொடாதீர்கள்.

வெயில் ஏறும் முன் வண்டு மந்தமாக இருக்கும். சோப்புத் தண்ணீர் வாளியைக் கீழே பிடித்துச் செடியை உலுக்கினால் விழுந்துவிடும். இலையின் அடியில் மஞ்சள் முட்டைகள் கூட்டமாக நிற்கும். அந்த இலையைக் கிள்ளி நசுக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால்தான் தெளிப்பு. 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் சோப்பு கரைத்து மாலையில் தெளியுங்கள். இலையின் அடியில்.

வேலந்தாவளத்திலிருந்து: பூசணி முளைத்ததுமே சிவப்பு வண்டு தின்றுவிடுகிறது.

பனி காயும் முன் இலைமேல் சாம்பல் தூவுங்கள். நாலைந்து இலை வரும்வரை கொசுவலை போட்டு மூடலாம். பூக்கும்போது எடுத்துவிட வேண்டும், தேனீ வர வேண்டுமே. இதன் புழு மண்ணில் இருந்து வேரைத் தின்னும். அறுவடை முடிந்ததும் மண்ணைக் கிளறிவிடுங்கள்.

சித்தூரிலிருந்து: அப்பா காலத்திலிருந்தே எங்களுக்குப் புகையிலைக் கஷாயம்தான். அரை கிலோ புகையிலை, நாலரை லிட்டர் தண்ணீர். எல்லாம் சாகிறது. எதற்கு வேப்பங்கொட்டை?

எல்லாம் சாகிறது என்பதுதான் என் கவலை. புகையிலையில் இருக்கும் நிகோடின் என்ற நஞ்சு பொறிவண்டையும் விட்டுவைக்காது. அப்புறம், கத்தரி, தக்காளி, மிளகாய் எல்லாம் புகையிலையின் சொந்தக்காரச் செடிகள். புகையிலைத் தேமல் வைரஸ் காய்ந்த இலையிலும் அழியாமல் இருந்து இவற்றுக்குத் தொற்றும்.

மறுபடி சித்தூர்: கடை மருந்தைவிட மேல்தானே? இதுவும் இலைதானே?

இலையிலிருந்து வந்தாலும் நஞ்சு நஞ்சுதான். அசுவினிக்குப் பலன் உண்டு, மறுக்கவில்லை. ஓடு தடித்த வண்டுக்கு அது வேண்டாம்.

மார்த்தாண்டத்திலிருந்து: அந்தக் கஷாயத்தை வெறுங்கையால் பிழிந்தேன். அன்று முழுக்கத் தலைசுற்றல், வாந்தி.

நிகோடின் தோல் வழியாகவே உள்ளே போகும். சித்தூர்க்காரர் இதைப் படிக்க வேண்டும். இனி ஈரம் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மயக்கம் வந்தால் மருத்துவரிடம் போங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தக் கரைசலைப் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள்.

களியக்காவிளையிலிருந்து: தென்னங்குருத்து விசிறிபோல வெட்டுப்பட்டு விரிகிறது.

காண்டாமிருக வண்டு. மரத்தைத் தின்பது வளர்ந்த வண்டு. புழு உங்கள் எருக்குழியில் இருக்கிறது. எருவைக் கிளறிப் புழுவைப் பொறுக்குங்கள், கோழி தின்னும். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம், குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் போடுங்கள்.

செங்கோட்டையிலிருந்து: வேப்பெண்ணெய் எத்தனை மில்லி?

லிட்டருக்கு 5, சோப்போடு. மாலையில்.

கூடலூரிலிருந்து: வேப்பெண்ணெயை மதியம் அடிக்கலாமா?

கூடாது, இலை கருகும். மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன்: மாலையில்.

கம்பத்திலிருந்து: பொறிவண்டை ஒழிக்க என்ன வழி?

ஒழிக்காதீர்கள். முதல் பதிலைப் படியுங்கள்.