பொம்மை விற்கட்டும், நேரக் கணக்கையும் எழுதட்டும்

உங்கள் கடிதம் கிடைத்தது அம்மா. மகள் கல்லூரி இரண்டாம் ஆண்டு. கொக்கி ஊசியால் நூலைக் கோத்துப் பின்னும் குரோஷா பொம்மைகளைச் செய்து இணையத்தில் விற்கிறாள். ராத்திரி ஒரு மணிவரை அவள் அறையில் விளக்கு எரிகிறது. போன பருவத்தில் மதிப்பெண் குறைந்திருக்கிறது. நிறுத்தச் சொல்லலாமா, இல்லை இதுவே அவளுக்குத் தொழிலாக அமைந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு கேள்விக்கும் இப்போதே பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் அவள் இதுவரை எவ்வளவு சம்பாதித்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள், எத்தனை மணி நேரம் போட்டாள் என்று எழுதவில்லை. அவளைக் கேட்டாலும் தெரியாது என்றுதான் சொல்வாள். கைவேலை விற்கும் பிள்ளைகள் என்னிடம் வரும்போது வந்த பணத்தைக் கணக்காகச் சொல்வார்கள். போன நேரத்தைக் கேட்டால் சிரிப்பார்கள். பிடித்த வேலை, நேரம் போனதே தெரியவில்லை என்பார்கள். அதுதான் சிக்கலே.

ஒரு முயல் பொம்மையை எடுத்துக்கொள்வோம். பதினைந்து சென்டிமீட்டர் உயரம்தான். உள்ளே அடைத்த பஞ்சு வெளியே தெரியக் கூடாதென்றால் மெல்லிய ஊசியால் நெருக்கமாகப் பின்ன வேண்டும். தலை, உடம்பு, கை இரண்டு, கால் இரண்டு, காது இரண்டு என்று எல்லாவற்றையும் தனித்தனியாகப் பின்னி, பஞ்சு அடைத்து, பிறகு ஒன்றோடொன்று தைக்க வேண்டும். பொறுமையைச் சோதிப்பது இந்தத் தையல்தான். ஒரு காது கொஞ்சம் இறங்கினாலும் முயல் அழுவதுபோல ஆகிவிடும். பிரித்து மறுபடி தைக்க வேண்டும். பழகிய கைக்கே ஆறு மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது விற்ற விலையை நூறு பங்காக வைப்போம். நூல், பஞ்சு, கண் எல்லாம் சேர்ந்து 15. பெட்டியும் கூரியரும் 20. விற்பனைத் தளத்தின் கமிஷன், பணம் வாங்கித் தருவதற்கான கட்டணம் 10. கையில் நிற்பது 55. பின்னிய ஆறு மணி நேரத்தோடு, படம் எடுக்க, விசாரிப்பவர்களுக்குப் பதில் போட, பொதிந்து அனுப்ப என்று இன்னும் ஒரு மணி நேரம். 55-ஐ ஏழால் வகுத்தால் மணிக்கு எட்டுப் பங்குகூட இல்லை. இவை நான் உதாரணத்துக்குப் போட்ட எண்கள். உங்கள் மகளின் எண்களைப் போட்டுப் பாருங்கள். அதே ஒரு மணி நேரம் சின்ன வகுப்புப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். எது கூடுதல் என்று தெரிந்துவிடும்.

பெரும்பாலான பிள்ளைகள் நூல் செலவை இரண்டால் பெருக்கி அதையே விலையாகப் போடுகிறார்கள். மேலே சொன்ன கணக்கில் அந்த விலை 30. கூரியருக்கும் கமிஷனுக்கும் கொடுத்துவிட்டுப் பார்த்தால் முதலுக்கே மோசம், உழைப்பு இலவசம். "கடையில் இதைவிட மலிவாகக் கிடைக்கிறதே" என்று வாங்க வருபவர் சொன்னதும் இன்னும் குறைக்கிறார்கள். குரோஷாவைப் பொறுத்தவரை ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: நூலைச் சேர்த்துப் பின்னும் இயந்திரங்கள் நிறைய இருந்தாலும், அசல் குரோஷாப் பின்னலைப் போடும் இயந்திரம் சந்தையில் கிடையாது. மலிவுக் கடையில் தொங்கும் குரோஷாப் பையையும் யாரோ ஒருவர் கையால்தான் பின்னியிருக்கிறார், மிகக் குறைந்த கூலிக்கு. அந்த விலையோடு உங்கள் மகள் போட்டிக்கு நின்றால் அந்தக் கூலிதான் அவளுக்கும். ஆகவே விலையில் இறங்கிப் போவது வழியல்ல. ஒன்று, நேரம் குறைவாக எடுக்கும் பொருளுக்கு மாறலாம்: சாவிக் கொத்துப் பொம்மை, புத்தக அடையாளம், காதணி. அல்லது அதே முயலுக்கு இரண்டு மடங்கு விலை வைத்து, ஆள் குறைவாக வந்தாலும் பரவாயில்லை என்று இருக்கலாம். மாணவிக்கு இந்த இரண்டாவது வழி மோசமில்லை. ஐந்து பொம்மை விற்று வரும் பணம் இரண்டு பொம்மையில் வந்தால் மிச்ச நேரம் படிப்புக்குத்தானே போகும்.

விளக்கு ஒரு மணிவரை எரிவதற்குக் காரணம் பின்னல் இல்லை, ஆர்டர் என்பது என் ஊகம். "அடுத்த வெள்ளிக்கிழமை என் மகனுக்குப் பிறந்தநாள், அவன் நாய் மாதிரியே ஒன்று செய்துதர முடியுமா, காலில் மட்டும் வெள்ளை மச்சம்" என்று ஒருவர் கேட்பார். இவள் சரி என்பாள். முதல் படம் அனுப்பியதும் மூக்கு கொஞ்சம் நீளமாக வேண்டும் என்பார். வெள்ளிக்கிழமை இவளுக்கு உள்தேர்வாக இருக்கும். பின்னல் ஒரு பொழுதுபோக்காக இருந்தவரை தேர்வுக்கு முதல்நாள் ஊசியைக் கீழே வைக்க முடிந்தது. முன்பணம் வாங்கிவிட்டால் வைக்க முடியாது. படிப்பைக் கெடுப்பது அந்தக் கெடு.

எனவே நான் உங்கள் மகளுக்குப் போடச் சொல்லும் ஒரே கட்டுப்பாடு இது: கல்லூரி நடக்கும் மாதங்களில் கேட்டுச் செய்யும் ஆர்டர் வேண்டாம். விடுமுறையில் பின்னி வைத்ததை மட்டும் பருவ நாட்களில் விற்கட்டும். இருபது பொம்மை தயாராக இருந்தால் இருபதை மட்டும் கடையில் போடட்டும். தீர்ந்தால் "தீர்ந்துவிட்டது, அடுத்த விடுமுறையில் வரும்" என்று எழுதட்டும். தீர்ந்துவிட்டது என்ற பலகை வியாபாரத்தைக் கெடுக்காது. சில சமயம் ஆசையைக் கூட்டவும் செய்யும். பருவ நாட்களில் அவளுக்கு மிஞ்சும் வேலை பொதிவதும் அனுப்புவதும்தான். அதையும் வாரத்தில் ஒரே நாள் என்று கடை விவரத்திலேயே எழுதிவிடலாம். பெரும்பாலான விற்பனைத் தளங்களில் கடையைச் சில வாரம் மூடி வைக்கும் வசதி உண்டு. தேர்வுக் காலத்தில் அதைப் போட்டுவிட வேண்டும். இந்த ஏற்பாட்டை நீங்கள் சொல்வதைவிட அவளே எழுதி உங்களிடம் காட்டினால் நல்லது. நீங்கள் சொன்னால் தடை, அவள் எழுதினால் திட்டம்.

எங்கே விற்பது என்பதில் அவளுக்கு உங்களைவிட அதிகம் தெரிந்திருக்கும். இருந்தாலும் கட்டணங்களை நீங்களும் ஒருமுறை பாருங்கள். கைவினைப் பொருளுக்கென்றே 2005-இல் தொடங்கிய எட்சி (Etsy) என்ற இணையச் சந்தையில் ஒரு பொருளைப் பட்டியலில் போட 0.20 டாலர், நான்கு மாதம் நிற்கும். விற்றால் 6.5 சதவீதம், அதுவும் பொருளின் விலைக்கு மட்டுமல்ல, வாங்குபவரிடம் நீங்கள் வாங்கும் அனுப்புக் கட்டணத்துக்கும் சேர்த்து. பணம் வாங்கித் தருவதற்குத் தனிக் கட்டணம், அது நாட்டுக்கு நாடு மாறும். வெளியிடங்களில் எட்சி செய்யும் விளம்பரம் வழியாக விற்றால் இன்னொரு 15 சதவீதம். சிறிய கடைகள் இதை வேண்டாம் என்று அணைத்துவைக்கலாம், ஆனால் பலருக்கு அது தெரிவதே முதல் பிடித்தம் போன பிறகுதான். அமேசானின் கைவினைப் பிரிவான அமேசான் ஹேண்ட்மேட் 2015-இல் வந்தது; அங்கே கமிஷன் 15 சதவீதம். இன்ஸ்டாகிராமில் கமிஷன் இல்லை, ஆனால் வாரத்துக்கு மூன்று ரீல்ஸ் எடுக்கும் நேரத்தைக் கூலியாகப் போட்டால் அது இதையெல்லாம்விடக் கூடுதலாகப் போகும்.

தளத்தை நம்பியே இருப்பதும் நல்லதல்ல. எட்சி தன் கமிஷனை 5 சதவீதத்திலிருந்து 6.5-க்கு ஏற்றியபோது, 2022 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் ஒரு வாரம் கடையை மூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கட்டணம் குறையவில்லை. விதி அவர்களுடையது, மாற்றிக்கொண்டே இருப்பார்கள். மறுபடி வந்து வாங்குபவர்கள் யார், எந்தப் பொருள் எந்த மாதம் போகிறது என்ற கணக்கு அவளுடைய நோட்டிலும் இருக்கட்டும்.

பள்ளியில் படிக்கும் பிள்ளையாக இருந்தால் இன்னொரு விஷயம்: பதினெட்டு வயது ஆகாதவர்கள் எட்சியில் தனியாகக் கணக்குத் தொடங்க முடியாது. பெற்றோர் பெயரில் உள்ள கணக்கில், பெற்றோர் மேற்பார்வையில்தான் விற்கலாம். உங்கள் தங்கை மகளும் இதையே செய்ய ஆசைப்படுகிறாள் என்று எழுதியிருந்ததால் சொல்கிறேன்.

கூரியரில் கை சுடாத ஆள் இல்லை. எடைக்குத்தான் பணம் என்று நினைத்துப் போவார்கள். பெட்டி அடைக்கும் இடத்துக்கும் கணக்கு உண்டு: நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பல நிறுவனங்கள் 5000-ஆல் வகுக்கும். வருவது கிலோ. இதுவும் உண்மையான எடையும் எது கூடுதலோ அதற்குக் கட்டணம். 30×20×20 பெட்டியில் இருநூறு கிராம் முயலை வைத்தால் 12,000-ஐ 5000-ஆல் வகுத்து 2.4 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும். பொம்மை நசுங்கினாலும் மறுபடி நிமிரும் பொருள். கெட்டிக் காகித உறையில் போட்டாலே போதும். விலை வைப்பதற்கு முன்னால் பெட்டியை அளக்கச் சொல்லுங்கள்.

வெளிநாட்டு விற்பனையை ஆரம்பத்தில் தொடாமலிருப்பது நல்லது. உதாரணத்துக்கு, அமெரிக்காவுக்குள் 800 டாலர் வரையிலான பொதிகள் வரியில்லாமல் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சலுகை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டது. அதை நம்பி விலை வைத்திருந்த சிறு விற்பனையாளர்கள் எல்லாரும் கணக்கை மாற்ற வேண்டியதாயிற்று.

பொம்மை என்பதால் பாதுகாப்பையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பளபளப்பான பிளாஸ்டிக் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண் என்றுதான் பெயர். ஆனாலும் பின்னல் தளர்ந்தால் கழன்று வரும், கைக்குழந்தை வாயில் போடும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கென்றால் நூலால் கண்ணைத் தைத்துவிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில், பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் சிஇ (CE) குறி இல்லாமல் பொம்மை விற்கக் கூடாது. அமெரிக்காவில் 2008-இல் வந்த சட்டப்படி பன்னிரண்டு வயதுவரையிலான பிள்ளைகளுக்கான பொருட்களுக்குத் தனி விதிகள் உண்டு. கையால் செய்தது என்பதற்காக விலக்குத் தர மாட்டார்கள். பிரபலமான கார்ட்டூன் பாத்திரங்களைப் பின்னி விற்பதும் வேண்டாம். எல்லாரும் விற்கிறார்களே என்பாள். உரிமையாளர் புகார் கொடுத்தால் அந்தப் பொருளை எடுத்துவிடுவார்கள். புகார் தொடர்ந்தால் கடையே போய்விடும். எப்படிப் பின்னுவது என்று ஒருவர் எழுதி விற்கும் குறிப்பைத்தான் பின்னல் முறை என்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய பின்னல் முறையாக இருந்தால், அதைப் பார்த்துச் செய்த பொம்மையை விற்கலாமா என்று அதை எழுதியவர் அதிலேயே குறிப்பிட்டிருப்பார். படிக்கச் சொல்லுங்கள்.

மோசடி பற்றி நீங்கள் பயப்படுவது நியாயம்தான். புதுக் கடை திறந்த சில நாட்களில் "தளத்தின் உதவி மையத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் கணக்கைச் சரிபார்க்க வேண்டும்" என்று செய்தி வரும், கூடவே ஒரு கியூஆர் கோடு. இன்னொருவர் தவறிக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்பார். அவர் அனுப்பியதாகக் காட்டும் படம் போலி. நமக்குப் பணம் வந்து சேர ரகசிய எண்ணோ (PIN) ஓடிபியோ தேவையே இல்லை என்பதை மட்டும் அவள் மனதில் பதிய வைத்தால் பாதி கவலை தீர்ந்தது. வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைக் கண்ணால் பார்க்காமல் பொருள் வெளியே போகக் கூடாது.

அடுத்து, தொழிலாகுமா என்ற கேள்வி. படிப்பை விட்டுவிட்டு இதில் இறங்கச் சொல்ல மாட்டேன். கையால் மட்டும் செய்யும் பொருளுக்கு ஒரு கூரை உண்டு. ஒரு நாளில் ஒரு கை எவ்வளவு பின்னுமோ அவ்வளவுதான் வருமானம். அதைத் தாண்டுபவர்கள் பின்னல் முறையை எழுதி விற்கிறார்கள், வகுப்பு எடுக்கிறார்கள், ஆள் வைத்துச் செய்கிறார்கள். அதெல்லாம் பின்னலிலிருந்து வேறான வேலை; அவளுக்கு அது பிடிக்குமா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. பின்னல் முறை எழுதி விற்பதை இந்த வருடமே ஒருமுறை முயன்று பார்க்கலாம். ஒருமுறை எழுதினால் போதும், கூரியர் கிடையாது, தேர்வு நாளிலும் தானாக விற்கும்.

ஆனால் இந்த இரண்டு வருட அனுபவம் வேலைக்குப் போகும்போது உதவும், சரியாக எழுதினால். நேர்காணலுக்கு வரும் பிள்ளைகள் சுயவிவரத்தின் கடைசியில் "பொழுதுபோக்கு: குரோஷா" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். அதற்குப் பதில், எத்தனை ஆர்டர் அனுப்பினாள், எத்தனை திரும்பி வந்தது, விலையை எப்படி நிர்ணயித்தாள், எந்தப் படத்தை மாற்றியதும் விசாரிப்பு கூடியது என்று எண்ணோடு எழுதினால் அது வேலை அனுபவம். மின்வணிக நிறுவனங்களில் பொருள் பட்டியல் பார்க்கும் பிரிவு, பேக்கேஜிங், ஜவுளி வடிவமைப்பு, விளம்பரம், செலவுக் கணக்கு என்று அது ஒட்டும் இடங்கள் பல. அந்த எண்களெல்லாம் நோட்டில் இருந்தால்தான் எழுத முடியும். நேரக் கணக்கு எழுதச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மதிப்பெண் குறைந்ததற்கு இதுதான் காரணமா என்பதையும் உடனே முடிவு செய்ய வேண்டாம். எந்தப் பாடத்தில் குறைந்தது என்று பாருங்கள். எல்லாப் பாடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்திருந்தால் நேரம்தான் காரணமாக இருக்கும். ஒன்றில் மட்டும் விழுந்திருந்தால் ஊசியைப் பிடுங்கினாலும் அந்தப் பாடம் புரியப் போவதில்லை.

கடைசியாக, கடிதத்தின் அடியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "மூலப்பொருளை நாங்களே தருகிறோம், செய்து கொடுங்கள், முழுவதையும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்று விளம்பரம் வந்தது, முன்பணம் கட்டலாமா என்று. கட்டாதீர்கள். செய்து அனுப்பியதும் தரம் சரியில்லை என்று திருப்பிவிடுவார்கள். அவர்களுக்கு லாபம் நீங்கள் கட்டும் முன்பணம்தான். வேலை தருபவர் உங்களிடம் பணம் கேட்க மாட்டார். அந்தத் தொகைக்கு நல்ல நூல் வாங்கிக் கொடுங்கள், விடுமுறை வரும்வரை அலமாரியில் இருக்கட்டும்.