இனம் பற்றிய ஆய்வுக் கட்டுரை: தலைப்பைக் கேள்வியாக்குவது எப்படி?

கேள்வி: அமெரிக்காவில் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சமூகவியல் பாடத்துக்காகப் பதினைந்து பக்க ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். ‘அமெரிக்காவில் இனப் பாகுபாடும் வீட்டுவசதியும்’ என்று எழுதிக் கொடுத்தேன். ‘இது தலைப்பு, கேள்வி எங்கே?’ என்று குறிப்பெழுதி பேராசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். கறுப்பினக் குடும்பங்கள் சிலவற்றைப் பேட்டி காணவும் நினைக்கிறேன். அதற்கு அனுமதி வாங்க வேண்டுமா? எந்தத் தரவுகளை நம்பலாம்? இந்தியப் பின்னணி கொண்ட நான் இந்தப் பொருளில் எழுதலாமா என்ற தயக்கமும் இருக்கிறது.

பதில்: பேராசிரியர் திருப்பி அனுப்பியது உங்களுக்கு நல்லதுதான். இந்தத் தலைப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அடிமை முறையில் தொடங்கி இன்றைய வாடகை வரை எல்லாவற்றையும் தொட வேண்டிவரும். பதினைந்து பக்கத்தில் எதையும் நிறுவ முடியாது. மாணவர் கட்டுரைகளைத் திருத்திவரும் அனுபவத்தில் சொல்கிறேன்: இனம் பற்றி எழுதுகிறவர்களிடம் அக்கறைக்குப் பஞ்சமே இல்லை. எந்த ஊர், எந்த ஆண்டு, எந்த ஆவணம் என்பதுதான் கட்டுரையில் காணாமல் போய்விடுகிறது.

அந்த மூன்றையும் முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு, அந்த ஆவணத்தை யார், எதற்காக உண்டாக்கினார்கள் என்று கேளுங்கள். இனம் பற்றிய எந்தத் தரவும் தானாக முளைத்ததில்லை. யாரோ ஒருவர், ஏதோ ஒரு தேவைக்காக, மனிதர்களை வகை பிரித்து எழுதி வைத்ததுதான் இன்று உங்கள் கைக்கு வருகிறது. ஆய்வின் பாதி உழைப்பு அதைப் புரிந்துகொள்வதற்கே போக வேண்டும்.

வீட்டுவசதியையே எடுத்துக்கொள்வோம். பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், 1933-இல், வீட்டு உரிமையாளர் கடன் கழகம் என்ற அமைப்பை அமெரிக்க அரசு தொடங்கியது. கடனைக் கட்ட முடியாமல் வீட்டை இழக்க இருந்தவர்களுக்கு மறுகடன் கொடுப்பது அதன் வேலை. 1935-க்கும் 1940-க்கும் இடையில் அந்தக் கழகம் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு, கடன் கொடுப்பதில் எவ்வளவு ஆபத்து என்று பகுதிகளைத் தரம் பிரித்து வரைபடம் தயாரித்தது. முதல் தரப் பகுதிக்குப் பச்சை, அடுத்ததற்கு நீலம், அதற்கும் கீழே மஞ்சள், ‘ஆபத்தானது’ என்று கருதிய பகுதிக்குச் சிவப்பு. இவற்றை ரிச்மண்ட் பல்கலைக்கழகம் மின்வடிவமாக்கி, யாரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது.

பெரும்பாலான மாணவர்கள் சிவப்பு நிறத்தைப் பார்த்ததும் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். நீங்கள் வரைபடத்தோடு நிற்காதீர்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு விவரப் படிவம் உண்டு. அதைத் திறந்து படியுங்கள். கட்டடங்களின் வயது, வாடகை, குடியிருப்போரின் தொழில் என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். அவற்றோடு, வெளிநாட்டில் பிறந்தவர்கள் எத்தனை விழுக்காடு, கறுப்பினத்தவர் இருக்கிறார்களா, எத்தனை விழுக்காடு என்றும் தனிக் கட்டங்கள் இருக்கும். ‘ஊடுருவல்’ என்றே பெயரிட்ட ஒரு கட்டமும் உண்டு. யார் குடிவந்துகொண்டிருக்கிறார்கள் என்பதை அதில் எழுத வேண்டும். பக்கத்துத் தெருவில் ஒரு குடும்பம் வீடு எடுத்ததை ஒரு நகரின் நிலமதிப்பீட்டாளர் என்ன சொல்லால் பதிந்தார் என்பதை அந்த ஒற்றைத் தாளில் பார்த்துவிடலாம். உங்கள் கட்டுரையின் முதல் பக்கத்துக்கு அது போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘இந்த வரைபடம்தான் இன்றைய ஏற்றத்தாழ்வுக்குக் காரணம்’ என்று ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள். ஆய்வாளர்களிடையே இதில் நீண்ட விவாதம் நடக்கிறது. கழகம் தன் கடன்களில் பெரும்பகுதியைக் கொடுத்து முடித்த பிறகுதான் வரைபடங்கள் வந்தன. கறுப்பினத்தவருக்கும் அது கடன் கொடுத்திருக்கிறது. சிவப்புப் பகுதிகளில் வெள்ளையரும் ஏராளமாக வாழ்ந்தார்கள். அதைவிட நீண்ட காலம், நேரடியாகப் பாதித்தது, வீட்டுக்கடன்களுக்குக் காப்பீடு தருவதற்காக 1934-இல் உருவான கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம். எந்த இனத்தவருக்காகக் கட்டியதோ அவர்களைத் தவிர வேறு இனத்தவர் குடியிருக்கக் கூடாது என்ற நிபந்தனையை வீட்டுப் பத்திரத்தில் சேர்ப்பதை அதன் 1938-ஆம் ஆண்டுக் கையேடு பரிந்துரைத்தது. அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித்தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1948-இல் தீர்ப்பளித்தது. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் வர 1968 ஆகிவிட்டது. இந்த அடுக்குகளைப் பிரித்துக் காட்டினால் உங்கள் வாதம் வலுப்படும். எதிர்வாதம் தெரிந்தவர் வாசித்தாலும் கட்டுரை நிற்கும்.

இப்போது தலைப்பு எப்படிக் கேள்வியாகிறது என்று பாருங்கள். நீங்கள் படிக்கும் நகரில் 1930-களில் சிவப்பு பூசப்பட்ட ஒரு பகுதியையும், அதை ஒட்டியே மஞ்சள் பூசப்பட்ட ஒரு பகுதியையும் தேர்ந்தெடுங்கள். ‘இவ்விரண்டிலும் சொந்த வீட்டில் வாழ்வோரின் விகிதத்தில் இருந்த இடைவெளி எந்தப் பத்தாண்டில் விரிந்தது, அப்போது அங்கே என்ன நடந்தது?’ இது விடை தேடக்கூடிய கேள்வி. வீட்டுவசதிக்கென்று தனிக் கணக்கெடுப்பு 1940-இல் தொடங்கியது. அங்கிருந்து பத்தாண்டுக்கு ஒரு முறை எண்கள் கிடைக்கும். மினசோட்டா பல்கலைக்கழகம் பழைய கணக்கெடுப்புத் தரவுகளைச் சிறு பகுதிவாரியாகத் தொகுத்து இலவசமாகவே தருகிறது. இடைவெளி 1960-இல் விரிந்திருந்தால், 1956-இல் தொடங்கிய நெடுஞ்சாலைத் திட்டத்தில் அந்தப் பகுதியின் தெருக்கள் இடிக்கப்பட்டனவா என்று உள்ளூர்ச் செய்தித்தாளில் தேட வேண்டும். விடை நீங்கள் எதிர்பார்த்ததுக்கு மாறாக வந்தாலும் அப்படியே எழுதுங்கள்.

இன்றைய நிலைக்கு வருவதானால், வீட்டுக்கடன் விவரங்களை வங்கிகள் வெளியிட வேண்டும் என்று 1975-இல் இயற்றிய சட்டத்தின்கீழ் தரவு கிடைக்கிறது. விண்ணப்பித்தவரின் இனம், வருமானம், கடன் கிடைத்ததா மறுக்கப்பட்டதா எல்லாம் அதில் இருக்கும். ஆனால் விண்ணப்பதாரரின் கடன் மதிப்பெண் (கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று காட்டும் எண்) பொதுத்தரவில் இருக்காது. ஆகவே ‘மறுப்பு விகிதம் அதிகம்’ என்று எழுதலாம். ‘இனத்தைப் பார்த்து மட்டுமே மறுத்தார்கள்’ என்று அந்தத் தரவை மட்டும் வைத்து எழுத முடியாது. இந்த வேறுபாட்டை மதிக்கும் மாணவரைப் பேராசிரியர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

தரவில் இனம் என்ற கட்டத்தைக் கண்மூடி நம்பக் கூடாது என்பதற்கு உங்கள் பின்னணியே சாட்சி. பகத் சிங் தின்ட் பஞ்சாபில் பிறந்தவர். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர். வெளிநாட்டில் பிறந்து குடியேறியவர்களில் குடியுரிமை ‘வெள்ளையருக்கு’ என்று 1790-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் உண்டு என்று உள்நாட்டுப் போருக்குப் பின் சேர்த்தார்கள். 1922-இல் ஜப்பானில் பிறந்த தக்காவோ ஒசாவாவுக்கு, காகேசிய இனத்தவர் (அக்கால இனவியலார் ஐரோப்பியர் உள்ளிட்டோருக்கு வைத்த பெயர்) அல்லர் என்று கூறி உச்ச நீதிமன்றம் குடியுரிமை மறுத்தது. மூன்றே மாதம் கழித்து, 1923-இல், இனவியல் அறிஞர்களின் வகைப்பாட்டின்படி தான் காகேசியர் என்று தின்ட் வாதாடினார். சாதாரண மனிதர் வெள்ளையர் என்று புரிந்துகொள்வது இவரை அல்ல என்று அதே நீதிமன்றம் அவருக்கும் மறுத்தது. கணக்கெடுப்பிலோ 1920 முதல் 1940 வரை இந்தியர்களை, எந்த மதத்தவராயினும், ‘இந்து’ என்ற இனமாகப் பதிந்தார்கள். 1970-இல் வெள்ளையராகக் கணக்கிட்டார்கள். 1980-இல்தான் ‘ஆசிய இந்தியர்’ என்று தனிப்பிரிவு வந்தது. ஒரே மனிதர் தம் வாழ்நாளில், நிறம் மாறாமல், மூன்று வகையாகப் பதியப்பட்டிருக்கலாம். 1960-க்கு முன்பு வீட்டுக்கு வந்த கணக்கெடுப்பாளரே பார்த்து இனத்தை எழுதுவார். அதன்பின் மக்கள் தாங்களே குறிக்கும் முறை பரவியது. ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிக்க 2000-இல் இடம் கொடுத்தார்கள். நீங்கள் ஒப்பிடும் இரண்டு ஆண்டுகளிலும் வகைப்பாடு ஒன்றுதானா என்று பார்த்து, அதை ஒரு பத்தியில் எழுதிவிடுங்கள்.

ஆகவே, நீங்கள் எழுதலாமா என்று தயங்க வேண்டியதில்லை. தாராளமாக எழுதலாம். இந்த வரலாற்றில் உங்கள் சமூகமும் இருக்கிறது. ஆனால் அதை வைத்துக் கறுப்பினத்தவரின் அனுபவமும் இதுவும் ஒன்றே என்று எழுதிவிடாதீர்கள். அடிமை முறையும் அதன்பின் வந்த சட்டபூர்வப் பிரிவினையும் தனி வரலாறு.

இனி பேட்டிக்கு வருகிறேன். அனுமதி வேண்டுமா என்பது உங்கள் பல்கலைக்கழக விதியைப் பொறுத்தது. வகுப்போடு முடிந்துவிடும் பயிற்சிக்குப் பல இடங்களில் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேவைப்படுவதில்லை. ஆனால் அந்தப் பேட்டிகளைப் பின்னால் கருத்தரங்கிலோ இதழிலோ பயன்படுத்தும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும், முதல் பேட்டிக்கு முன்பே குழுவைக் கேட்டுவிடுங்கள். பேட்டி முடிந்தபின் பின்தேதியிட்டு ஒப்புதல் தர மாட்டார்கள். இந்தக் குழுக்கள் வெறும் காகிதச் சடங்கல்ல. அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஏறக்குறைய அறுநூறு கறுப்பின ஆண்களை வைத்து ஆய்வு நடத்தியது. அவர்களில் 399 பேருக்கு சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்தது. நோயின் பெயரை அவர்களுக்குச் சொல்லவில்லை. அதைக் குணப்படுத்தும் பென்சிலின் மருந்து வந்த பிறகும் கொடுக்கவில்லை. அது அம்பலமான பிறகு 1974-இல் வந்த சட்டம்தான் இன்றைய ஒப்புதல் விதிகளுக்கு அடித்தளம். நீங்கள் நீட்டும் ஒப்புதல் படிவத்தை ஒரு முதியவர் சந்தேகத்தோடு பார்த்தால், அந்தச் சந்தேகத்துக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

அனுமதி கிடைத்துவிட்டால் பேட்டி நன்றாக அமைந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். அடிமையாக வாழ்ந்து விடுதலை பெற்ற இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை 1936 முதல் 1938 வரை, வேலையற்ற எழுத்தாளர்களுக்கு வேலை கொடுக்க அரசு தொடங்கிய எழுத்தாளர் திட்டம் பேட்டி கண்டது. பேட்டி எடுத்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். சவுத் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் 1937-இல் ஒரு மூதாட்டியிடம் ஜெஸ்ஸி பட்லர் என்ற வெள்ளையினப் பெண் பேசினார். அகஸ்டஸ் லாட்சன் என்ற கறுப்பின ஆணும் பேசினார். ஒரு பதிவில் சூசன் ஹாம்லின், மற்றதில் சூசன் ஹாமில்டன் என்று பெயர் இருக்கிறது. இருவரும் ஒருவரே என்பது ஆய்வாளர்களின் முடிவு. பட்லரிடம் தன் எஜமானர் நல்ல மனிதர் என்றார் அந்த மூதாட்டி. லாட்சனிடம் கசையடிகளைப் பற்றியும், பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து விற்றதைப் பற்றியும் பேசினார். இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் படியுங்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இவற்றை இணையத்தில் வைத்திருக்கிறது. அந்தப் பெண் யாரிடமும் பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. தன் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் எதைச் சொன்னால் தனக்கு ஆபத்தில்லையோ அதைச் சொன்னார்.

உங்களிடமும் அப்படித்தான் பேசுவார்கள். ஆகவே ‘இனப் பாகுபாட்டை அனுபவித்திருக்கிறீர்களா?’ என்று கேட்காதீர்கள். பொதுவான பதில்தான் வரும். வீடு வாங்கியது எந்த ஆண்டு, எத்தனை வங்கிக்குப் போனீர்கள், முதலில் பார்த்த வீடு எது, அதை ஏன் வாங்கவில்லை என்று கேளுங்கள். பத்திரம் இருந்தால் பார்க்க அனுமதி கேளுங்கள். மூன்று பேரிடம் பேசிவிட்டு ‘கறுப்பினச் சமூகம் இவ்வாறு கருதுகிறது’ என்று எழுதாதீர்கள். அந்த மூவரும் அவரவருக்காகப் பேசியவர்கள். பேட்டி கண்ட நீங்கள் யார் என்பதையும் கட்டுரையில் இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள்.

எழுத்தின் தொனி பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1892-இல் மெம்பிஸ் நகரில், வெள்ளையர் கடைக்குப் போட்டியாக மளிகைக்கடை நடத்திய அவருடைய நண்பர்கள் மூவரைக் கும்பல் கொன்றது. அவர் அதை எதிர்த்து எழுதியதால் அவருடைய பத்திரிகை அலுவலகத்தையும் நாசமாக்கினார்கள். 1895-இல் கும்பல் கொலைகளைப் பற்றி விரிவான நூலை வெளியிட்டபோது, தம் கணக்கை அவர் நம்பச் சொல்லவில்லை. வெள்ளையர் நடத்திய சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ் ஆண்டுதோறும் வெளியிட்ட பட்டியலையே எடுத்து, பெயர், ஊர், சுமத்திய குற்றம் என்று பிரித்து அடுக்கினார். பாலியல் குற்றத்துக்குத் தண்டனையாகவே கொல்கிறோம் என்ற சாக்கு, கொலைகளில் பெரும்பாலானவற்றில் குற்றச்சாட்டாகக்கூட இல்லை என்பது அந்த அடுக்கிலேயே தெரிந்தது. அவ்வளவு இழப்புக்குப் பிறகும் அவர் பெயர்ச்சொற்களையும் எண்களையும் நம்பி எழுதினார். உங்கள் வரைவில் ‘கொடூரமான’, ‘வெட்கக்கேடான’ போன்ற அடைமொழிகள் வரும் இடங்களில் ஒரு தேதியையோ தொகையையோ வைக்க முடியுமா என்று பாருங்கள்.

சில சிறு விஷயங்கள். பழைய ஆவணத்தில் வரும் இழிசொற்களை மேற்கோளுக்குள் மட்டும், தேவையான அளவு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வாக்கியத்தில் அந்த மக்கள் இன்று தங்களை அழைத்துக்கொள்ளும் பெயரே வர வேண்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவி தரும் கட்டுரைப் பெயர்களைத் திறந்து படிக்காமல் சேர்க்காதீர்கள்; இல்லாத கட்டுரைகளை அவை உருவாக்கித் தருவது வழக்கமாகவே நடக்கிறது.

பெரும்பாலான பல்கலைக்கழக நூலகங்களில் சமூக அறிவியலுக்கென்று ஒரு நூலகர் இருப்பார். இரண்டு பகுதிகளின் பெயரோடு உங்கள் கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதிக்கொண்டு இந்த வாரமே அவரைப் பாருங்கள். விவரப் படிவத்தின் பிரதியையும், அந்தப் பகுதிகளுக்கான 1940-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு எண்களையும் அவர் உதவியோடு எடுத்து, அந்த வாக்கியத்தோடு இணைத்துப் பேராசிரியருக்கு அனுப்புங்கள். பேட்டியை அதன்பிறகு முடிவு செய்யலாம். ஆவணங்களே பதினைந்து பக்கத்துக்குப் போதும் என்று அவர் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள்.