அரிக்கும் ஆறு, சேர்க்கும் ஆறு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தாமரைப்பாக்கம் பக்கம் கொசஸ்தலையாறு வளையும் இடத்தில் ஒரு கரை மழைக்காலந்தோறும் இடிந்து விழுகிறது, எதிர்க்கரையிலோ மணல்மேடு வளர்கிறது. ஒரே தண்ணீர் இரண்டையும் எப்படிச் செய்கிறது? அங்கே சேர்வது எங்கள் வயல் மண்தானா?
(வாசகர், திருவள்ளூர் மாவட்டம்)

பதில்: வளைவின் இரு பக்கங்களிலும் தண்ணீரின் வேகம் ஒன்றாக இருப்பதில்லை. நேராக ஓடிவரும் வெள்ளம் வளைவின் வெளிக்கரையில் மோதுவதால் அங்கே நீர்மட்டம் சற்று உயர்கிறது. உயர்ந்த நீர் கரையை ஒட்டிக் கீழிறங்கி, ஆற்றின் அடிப்பகுதி வழியாக உட்கரையை நோக்கித் திரும்புகிறது. இப்படித் திருகித் திருகிச் செல்லும் ஓட்டம் வெளிக்கரையின் அடியைக் குடைந்துகொண்டே, ஆழமும் வேகமும் குறைந்த உட்கரையில் மணலை ஏற்றிவைக்கிறது. நீரின் வேகம் இரு மடங்கானால் அது உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்பது கோட்பாட்டுக் கணக்கு. ஆகவே வேகம் கொஞ்சம் தளர்ந்தாலே ஆறு தன் சுமையில் பெரும்பகுதியை இறக்கிவிடும்.

உங்கள் வயல் மண் நேர் எதிரே போய்ச் சேர்வது குறைவு. அதிலுள்ள மணல் பெரும்பாலும் கீழே அடுத்த வளைவில், உங்கள் பக்கத்துக் கரையிலேயே தங்குகிறது. நுண்ணிய களிமண் கலங்கலோடு கலங்கலாக நெடுந்தூரம் சென்றுவிடுகிறது. கோடையில் அந்த மணல்மேட்டின் ஓரத்தை மண்வெட்டியால் செங்குத்தாக வெட்டிப் பாருங்கள். அடியில் சிறு கூழாங்கற்களும் பருமணலும், அதன்மேல் பொடிமணலும், உச்சியில் வெயிலில் வெடித்துக் கிடக்கும் மெல்லிய வண்டலும் இருக்கும். வெள்ளம் பாய்ந்ததும் வடிந்ததும் கீழிருந்து மேலாக அந்த ஒரே அடுக்கில் பதிந்திருக்கின்றன.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். களிமண் கலந்த கரைகள் வெள்ளம் பாயும்போது தாங்கி நின்று, நீர் வடிந்த பிறகே பாளம் பாளமாகச் சரிவதுண்டு. ஊறிப்போய்க் கனத்த மண்ணுக்கு அதுவரை பக்கத்துணையாக நின்ற நீர் விலகிவிடுவதே காரணம். மழை விட்டுவிட்டது என்று நம்பிக் கரையோரத்தில் மாடுகளைக் கட்டாதீர்கள், குழந்தைகளையும் விடாதீர்கள்.

கேள்வி: அடையாற்றின் முகத்துவாரத்தைத் தூர்வாரினாலும் மீண்டும் மீண்டும் மணல் மூடுவது ஏன்?
(வாசகி, பெசன்ட் நகர்)

பதில்: அந்த மணலில் பெரும்பகுதியைக் கொண்டுவருவது கடல். சென்னைக் கரையோரத்தில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலைகள் மணலை வடக்கே நகர்த்துகின்றன, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கே நகர்த்துகின்றன. ஆண்டு முழுவதற்கும் கணக்கிட்டால் வடக்கு நோக்கிய நகர்வே அதிகம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்த பின், தெற்கே மணல் தேங்கி மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டதும் இதனால்தான். இந்த மணலை வெளியே தள்ள ஆற்றில் விசை வேண்டும். அடையாற்றில் மழைக்காலம் போக மற்ற மாதங்களில் வரத்து மிகக் குறைவு. ஏற்ற இறக்கத்தின்போது உள்ளே சென்று திரும்பும் கடல்நீரும் வாயைத் திறந்து வைக்க உதவும். ஆனால் கழிமுகத்தின் பரப்பு சுருங்கச் சுருங்க அந்த நீரின் அளவும் குறைகிறது. எனவே தூர்வாருவதோடு கழிமுகத்தின் பரப்பையும் காத்தால்தான் பலன் நிற்கும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: ஆற்று மணலை அள்ளினால் அடுத்த வெள்ளத்தில் தானாக நிரம்பிவிடும் என்கிறார்களே, உண்மையா?
(கல்லூரி மாணவர், அம்பத்தூர்)

பதில்: மேலிருந்து மணல் தடையின்றி வந்தால் ஓரளவு நிரம்பும். ஆனால் கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944இல் பூண்டி நீர்த்தேக்கமும், காவிரியின் குறுக்கே 1934இல் மேட்டூர் அணையும் வந்த பிறகு, பருமணல் அணைக்குப் பின்னாலேயே படிந்துவிடுகிறது. அணைக்குக் கீழே திறந்துவிடப்படும் சுமையற்ற நீர், தன் படுகையையே அரித்துச் சுமையைத் தேடிக்கொள்ளும். அதே படுகையில் நாமும் குழி பறித்தால், குழியின் மேல்விளிம்பு வெள்ளத்துக்கு வெள்ளம் மேலோடையை நோக்கி நகர்ந்து, தொலைவில் இருக்கும் பாலத்தூண்களின் அடித்தளத்தையும் வெளிக்காட்டிவிடும்.

சென்னைவாசிகளுக்கு இது குடிநீர்ப் பிரச்சினையும்கூட. தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் ஆகிய இடங்களின் கிணறுகளிலிருந்து நகருக்கு வந்த தண்ணீர், ஆறுகள் நெடுங்காலமாகச் சேர்த்துவைத்த மணல் அடுக்குகளில் தங்கியிருந்த நீர். அந்த அடுக்குகளின் வயதை உணர, அதே கொசஸ்தலையாற்றுப் பகுதியிலுள்ள அதிரம்பாக்கத்தை நினைத்துப் பாருங்கள். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் கண்டறிந்த அந்த இடத்தில், படிவுகளுக்குள் புதைந்திருந்த கற்கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழைமையானவை என்று 2011இல் வெளியான ஆய்வு கூறுகிறது. மணல் அள்ளப்பட்டு ஆற்றின் படுகை தாழ்ந்தால் பக்கத்து நிலத்தடி நீர் ஆற்றுக்குள் கசிந்து கிணறுகளின் மட்டம் இறங்கும். கடலோரத்தில் அப்படி இறங்கிய இடத்தை உப்புநீர் பிடித்துக்கொள்ளும். அளவுக்கு மீறி நீர் இறைத்ததால் மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது.