கெரிஸ் வாங்கப் போகிறீர்களா? கதைக்குப் பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு ஜாவா போகிறோம். சென்ற முறை யோக்யகர்த்தாவில் ஒரு கடைக்காரர் நெளிநெளியான கெரிஸ் கத்தி ஒன்றைக் காட்டினார். மஜாபாகித் காலத்தது, உள்ளே சக்தி இருக்கிறது, 2.5 கோடி ரூபியா என்றார். நம் பணத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வருகிறது. பத்திரமும் எழுதித் தருவாராம். வாங்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: வாங்காதீர்கள். கெரிஸே வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் கெரிஸை, அந்தக் கதைக்காக, அந்த விலைக்கு வாங்க வேண்டாம்.

மஜாபாகித் 1293-ல் தொடங்கி 16-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த பேரரசு. ஆண்டு பொறித்த மிகப் பழைய கெரிஸ்களில் ஒன்றில் சக ஆண்டு 1264 என்று இருக்கிறது, அதாவது கி.பி. 1342. அது ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகம் வரை போன பொருள். அந்த வயதுள்ள இரும்பு, சுற்றுலாப் பயணி நடக்கிற தெருவில் கண்ணாடிப் பெட்டிக்குள் உங்களுக்காகக் காத்திருக்காது.

சரி, ஒரு பேச்சுக்குக் கடைக்காரர் சொல்வது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் சிக்கல்தான். இந்தோனேசியாவில் 50 ஆண்டுகளைக் கடந்த, வரலாற்று மதிப்புள்ள பொருள்களுக்கு 2010-ம் ஆண்டின் 11-ம் எண் சட்டம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் அவற்றை நாட்டை விட்டு எடுத்துப் போக முடியாது. ஆக, உண்மையென்றால் கொண்டுவர முடியாது, பொய்யென்றால் பணம் போயிற்று. கடைக்காரர் தானே எழுதித் தரும் பத்திரம் இரண்டு வழியிலும் உங்களைக் காப்பாற்றாது.

'சக்தி' பற்றி ஒரு வார்த்தை. ஜாவாவில் கெரிஸை விற்றேன், வாங்கினேன் என்று பலர் சொல்ல மாட்டார்கள். விலையை 'மஹர்' என்பார்கள், நம் ஊர் முஸ்லிம் திருமணங்களில் கேட்கும் அதே மஹர்தான். பெண்ணைக் கூட்டி வருவது போல மரியாதையோடு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டிய பொருள் அது. அந்த மரியாதையை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் 'இசி' என்று அவர்கள் சொல்லும் உள்ளிருக்கும் சக்திக்கு விலை போட்டு வெளியூர்க்காரரிடம் விற்பது வேறு விஷயம். கத்தியை முனையில் நிற்க வைத்துக் காட்டினால் அசந்துவிடாதீர்கள். எடை சரியாகச் சமன்பட்டால் அது நிற்கும்.

அப்புறம், எதைப் பார்த்து வாங்குவது? அலகைப் பாருங்கள். இடது கையில் உறையைப் பிடித்து, கட்டை விரலால் உறையின் வாயை மெல்லத் தள்ளி உருவுங்கள். உறையைச் சுற்றி விரல்களை மடக்காதீர்கள், பழைய உறை பிளந்தால் கை கிழியும். அலகில் வெள்ளிக் கோடுகளாக ஓடும் கோலத்துக்கு 'பாமோர்' என்று பெயர். இரும்பையும் நிக்கல் கலந்த உலோகத்தையும் அடுக்கி, காய்ச்சி, அடித்து, மடித்து, மறுபடி அடித்து வருவது அது. நடுவில் கடினமான எஃகு ஒன்று இருக்கும். அலகைக் கண்ணுக்கு நேராகத் திருப்பி விளிம்பைப் பார்த்தால், இரண்டு பக்கப் பாமோருக்கு நடுவே அந்த எஃகு தனிக் கோடாகத் தெரிய வேண்டும். கோலம் மேற்பரப்பில் மட்டும் இருந்து, இரண்டு பக்கமும் அச்செடுத்தது போல ஒன்றாக இருந்தால், அது அமிலத்தால் அரித்தது அல்லது பூசியது. பத்து வருடம் முன்பு நானே அப்படி ஒன்றை வாங்கினேன். ஆறாவது மாதம் எண்ணெய் போட்டுத் துடைத்தபோது வெள்ளிக் கோடுகள் துணியோடு வந்துவிட்டன. கடைக்காரர் அதற்குப் பிறகு தொலைபேசியை எடுக்கவே இல்லை.

பிடிக்குக் கீழே அலகின் அடியில் குறுக்காக 'கஞ்ஜா' என்ற துண்டு இருக்கும். பெரும்பாலும் அது தனியாகச் செய்து பொருத்தப்படுவது. அதற்கும் அலகுக்கும் நடுவே மயிரிழை இடைவெளிகூடத் தெரியாவிட்டால் நல்ல கை செய்தது. நெளிவுகள் எப்போதும் ஒற்றைப்படையில்தான் வரும். நெளிவே இல்லாத நேர் கெரிஸும் உண்டு, அதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். துருக்குழிகள் அலகு முழுதும் ஒரே அளவில், ஒரே ஆழத்தில் இருந்தால் வேண்டுமென்றே அமிலத்தில் போட்டுப் பழசாக்கியிருக்கிறார்கள். காலம் அரிப்பது ஒரே சீராக இருக்காது.

என் யோசனை இது: புதுக் கெரிஸ் வாங்குங்கள். 1945-க்குப் பிறகு செய்தவற்றை அங்கே 'கமர்திகான்' என்பார்கள், சுதந்திரக் காலத்துக் கெரிஸ். மதுரா தீவில் சுமனெப் பக்கம் ஆயெங் தோங்தோங் என்ற கிராமமே இதற்குப் பேர் போனது. இன்றும் அங்கே நிறைய 'எம்பு'கள், கெரிஸ் செய்யும் கொல்லர்கள், உலை மூட்டுகிறார்கள். யோக்யகர்த்தாவுக்குத் தெற்கே இமோகிரி பக்கம் பன்யுசுமுருப்பில் உறையும் அதன் மேல் போடும் உலோகக் கவசமும் செய்கிறார்கள். 2005-ல் யுனெஸ்கோ கெரிஸைப் போற்றியபோது பழைய இரும்பை மட்டும் போற்றவில்லை, இவர்கள் கையில் இருக்கும் வித்தையையும் சேர்த்துத்தான் போற்றியது. உங்கள் பணம் அந்தக் கைக்குப் போகட்டும். ரசீதில் செய்தவர் பெயர், செய்த ஆண்டு, புதியது என்ற சொல், மூன்றும் இருக்கட்டும். யானைத் தந்தப் பிடி மட்டும் எந்த விலையிலும் வேண்டாம், இங்கே அது குற்றம்.

வாங்குவதற்கு முன்பே இங்குள்ள சுங்கத் துறையிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு நம் ஆயுதச் சட்டத்துக்குள் வரும், இறக்குமதிக்கு உரிமம் கேட்பார்கள். கெரிஸின் அலகு சாதாரணமாக ஓர் அடியைத் தாண்டும். பார்த்து ரசித்தால் போதும் என்றால், ஜாவாவின் சோலோ நகரில் 2017-ல் திறந்த கெரிஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. வாங்கும் எண்ணம் இருந்தாலும் முதலில் அங்கே ஒரு நாள் செலவழியுங்கள், கண் பழகும்.

கேள்வி: இணைய ஏலத்தில் தென் பிலிப்பைன்ஸ் முஸ்லிம் மக்களான மோரோ வீரர்களின் பித்தளைக் கவசம் ஒன்று வந்திருக்கிறது. அசலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (சென்னை வாசகர்)

பதில்: படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. வளையங்களையும் தகடுகளையும் கிட்டத்தில் எடுத்த படங்கள் கேளுங்கள். மோரோ கவசத்தில் தகடுகளைப் பித்தளை வளையங்கள் கோக்கும். வளையத்தின் இரு முனைகளும் சும்மா ஒட்டி நிற்கும், ஆணி அடித்து இறுக்கியிருக்காது. அதைப் பார்த்து மலிவான வேலை என்று ஒதுக்கிவிடாதீர்கள், அசலே அப்படித்தான். தகடுகள் பித்தளையாகவோ எருமைக் கொம்பாகவோ இருக்கும். கொம்புத் தகடு என்றால் உரசல், வெடிப்பு, பூச்சி அரித்த இடம் தெரிய வேண்டும். ஒரே கனத்தில் பளபளக்கும் புதுத் தகடு அலங்காரப் பொருள்.

அமெரிக்கப் படைகள் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிந்தனாவோவிலும் சூலுவிலும் போரிட்ட காலத்தில் இவற்றில் பல அமெரிக்காவுக்குப் போயின. அதனால் கைமாறிய வரலாறு எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். பிலிப்பைன்ஸிலிருந்தே அனுப்புகிறேன் என்றால், அந்நாட்டு 2009-ம் ஆண்டின் பண்பாட்டு மரபுச் சட்டப்படி ஏற்றுமதி அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் ஏலம் கேட்க வேண்டாம்.

கேள்வி: மலாய் நண்பர் அன்பளிப்பாகக் கொடுத்த கெரிஸில் துரு வந்துவிட்டது. எலுமிச்சைச் சாற்றில் ஊறவைக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா? (கிள்ளான் வாசகி)

பதில்: வேண்டாம் அம்மா. கெரிஸைச் சுத்தம் செய்பவர்கள் எலுமிச்சையைப் பயன்படுத்துவது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு பாஷாணம் கலந்த கரைசலால் அலகைக் கறுப்பேற்றுவார்கள், அதில்தான் இரும்பு கறுத்துப் பாமோர் வெள்ளையாக எழும். அதைக் கைப்பக்குவம் உள்ளவர்தான் செய்ய வேண்டும். உங்கள் கத்தியிலும் அந்தப் பாஷாணம் இருக்கலாம், தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சமையல் அறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பித்தளை பாலீஷ் போட்டால் கறுப்பெல்லாம் போய்ச் சமையல் கத்தி மாதிரி வெளுத்துவிடும். இப்போதைக்கு மெல்லிய துணியில் இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, அடியிலிருந்து முனை நோக்கித் துடையுங்கள். ஈரம் உறைக்குள்ளும் இருக்கும், உறையைத் தனியாக இரண்டு நாள் நிழலில் காயவிட்டு அப்புறம் போடுங்கள். கொடுத்த நண்பரிடமே கேட்டுப் பாருங்கள், அவர் குடும்பத்துக்கு இதைச் செய்து கொடுப்பவர் யாராவது இருக்கலாம்.