ரீலோடிங் பிரஸ்ஸும் டைகளும்: வீட்டுச் சாமான்களோடு இந்தியாவுக்கு அனுப்பலாமா?

கேள்வி: டெக்சஸில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுக் குடும்பத்துடன் கோவைக்குத் திரும்புகிறேன். துப்பாக்கி சுடும் போட்டிகளுக்கு வேண்டிய 9 மி.மீ. பிஸ்டல் தோட்டாக்களை, புரோகிரசிவ் பிரஸ் எனும் நெம்புகோல் கருவியில் நானே ரீலோடு செய்துவந்தேன்; அதாவது, சுட்ட தோட்டாவின் கூட்டில் வெடிமருந்தும் குண்டும் மீண்டும் இட்டேன். ஊரில் .32 பிஸ்டலுக்கு உரிமம் பெற்று ரைபிள் கிளப்பில் சேர எண்ணியிருக்கிறேன். பிரஸ், 9 மி.மீ. டை செட் (பிரஸ்ஸில் பொருத்தும் அச்சுகள்), புதிதாக வாங்கும் .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் தோட்டாவுக்கான கார்பைடு (மிகக் கடினமான உலோகக் கலவை) டை செட் ஆகியவற்றை மட்டும், வெடிமருந்தும் பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) இல்லாமல், கொண்டுவரலாமா? எந்த டை செட் ஏற்றது?

பதில்: டை செட்டுக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். மருந்தும் பிரைமரும் இல்லாத வெறும் எஃகுக் கருவிதானே என்று நீங்கள் நினைப்பதில் வியப்பில்லை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் தோட்டா, அதன் கூடு, பிரைமர், குண்டு, மருந்து ஆகியவையே அம்யூனிஷன். கருவிகள் அதில் சேரா. இந்தியாவின் ஆயுதச் சட்டம், 1959, பிரிவு 2(1)(பி), அம்யூனிஷனின் பாகங்களையும் அதைத் தயாரிக்கும் இயந்திரங்களையும்கூட அம்யூனிஷன் என்றே வரையறுக்கிறது. எனவே அவற்றை வைத்திருக்கப் பிரிவு 3-இன் கீழும், நாட்டுக்குள் கொண்டுவரப் பிரிவு 10-இன் கீழும் உரிமம் தேவை என்பதே என் கருத்து.

இதைப் பொதுவான பட்டறைச் சாமான் என்று வாதிட இயலாது. ஒரு டை பழைய கூட்டைச் சுருக்கி அளவுக்குக் கொண்டுவருகிறது. அடுத்தது வாயை விரிக்கிறது. மற்றொன்று குண்டை இருத்துகிறது. கடைசி டை வாயை நெரிக்கிறது. இவற்றுக்குத் தோட்டா செய்வதைத் தவிர வேறு பயன் இல்லை. போதாக்குறைக்கு, எந்தக் காலிபருக்கு (குண்டின் விட்ட அளவுக்கு) உரியது என்பதும் டையின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பிரிவு 45(டி) சிறு பாகங்களுக்கு விலக்கு அளிப்பது உண்மைதான். ஆனால் அவற்றோடு இணைந்து இயங்கும் மற்றப் பாகங்களுடன் சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இல்லாதபோதுதான் அந்த விலக்கு கிடைக்கும். ரீலோடு செய்வதற்காகவே பிரஸ்ஸும் டையுமாகக் கொண்டுவரும் உங்களுக்கு அது பொருந்துவது கடினம். பையின் மூலையில் தெரியாமல் கிடந்த ஒற்றைத் தோட்டாவுக்காகப் பிடிபட்டவர்கள், அறிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்ற கொள்கையால் தப்பியிருக்கிறார்கள். குன்வந்த்லால் வழக்கில் 1972-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்திய அக்கொள்கையும், பட்டியலிட்டுப் பெட்டியில் அடுக்கி அனுப்புபவருக்கு உதவாது.

இரண்டு செட்டுகளில் எனக்கு அதிகக் கவலை தருவது 9 மி.மீ. செட்தான். சர்வீஸ் 9 மி.மீ. தோட்டாவைச் சுடக்கூடிய பிஸ்டல் இந்தியாவில் 'தடைசெய்யப்பட்ட போர்' (prohibited bore, தடைசெய்யப்பட்ட குழல் அளவு) என்ற வகையில் வருகிறது; .32 அப்படியல்ல. உங்களுக்கு உரிமமே கிடைக்க வாய்ப்பில்லாத காலிபரின் டை உங்கள் வீட்டில் இருப்பதற்குக் காரணம் கேட்டால், சொல்வதற்குப் பதில் இராது. அதை அங்கேயே விற்றுவிடுங்கள்.

.32 செட்டைப் பொறுத்தவரை, கார்பைடு டையில் கூட்டுக்கு எண்ணெய் பூச வேண்டியதில்லை, வாட்கட்டர் எனும் தட்டை முனைக் குண்டை வாயின் மட்டத்துக்கு இருத்தித் தனி டையால் நெரிப்பது நல்லது என்பதெல்லாம் சரியே. ஆனால் பிஸ்டலை வைத்திருக்கத் தரும் உரிமம், தோட்டா தயாரிக்கும் அனுமதி ஆகாது. தயாரிப்பு பிரிவு 5-இன் கீழ் வருகிறது. அதை மீறினால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பிரிவு 25(1)-இன்படி குறைந்தது 7 ஆண்டுகள், அதிகபட்சம் ஆயுள் சிறை. உரிமமின்றி வைத்திருப்பதற்கு மட்டுமே 2 முதல் 5 ஆண்டுகள் வரை சிறை உண்டு. விளையாட்டு வீரர் ஒருவர் சிக்கனத்துக்காக இந்த இடரை ஏற்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

பிரஸ்ஸை இங்கே பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால், முதலில் பிஸ்டல் உரிமத்தைப் பெறுங்கள். பிறகு கருவிகளின் பெயர், காலிபர், நோக்கம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு உரிம அதிகாரியிடம் எழுத்துமூலம் விண்ணப்பியுங்கள். எழுத்தில் அனுமதி வரும்வரை எதையும் அனுப்ப வேண்டாம். ரீலோடிங் கருவிகள் அமெரிக்க வணிகத் துறையின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் உள்ளன என்பதால், அங்கும் ஒரு வழக்கறிஞரைக் கேட்பது அவசியம்.

பெட்டி ஏற்கெனவே கப்பலேறியிருந்தால், 'சமையல் சாமான்' என்று எழுதி மறைக்க யார் யோசனை சொன்னாலும் கேட்காதீர்கள். அது வந்து சேரும் முன்பே, சுங்கச் சட்டம், 1962, பிரிவு 77-இன்படி அளிக்கும் அறிவிப்பில் உள்ளதை உள்ளபடி குறிப்பிட ஏற்பாடு செய்யுங்கள். பிரிவு 111(டி)-இன் கீழ் பொருள் பறிமுதலாகலாம்; ஆனால் மறைக்கும் எண்ணம் உங்களுக்கு இருக்கவில்லை என்பதற்கு அந்த அறிவிப்பே முதல் சான்றாக அமையும்.