அடுத்த பாண்டுக்குக் காத்திருப்பவருக்கு

அன்புள்ள அண்ணா,

நான் பியர்ஸ் பிராஸ்னன் காலத்தில் ஜேம்ஸ் பாண்ட் படங்கள் பார்க்கத் தொடங்கியவன். 2005இல் டேனியல் கிரெய்க் பெயர் வந்தபோது கோபத்தில் 'கேசினோ ராயல்' படத்தைத் தியேட்டருக்குப் போய்ப் பார்க்கவே இல்லை. சில வருடம் கழித்துப் பார்த்தேன். அதே வாரத்தில் இன்னொரு முறையும் பார்த்தேன். இப்போது கிரெய்க்கும் விலகிவிட்டார். அடுத்தவர் என்று யார் பெயர் அடிபட்டாலும் இணையத்தில் வசைதான். உண்மையைச் சொன்னால் எனக்கும் யாரையும் ஏற்க மனம் வரவில்லை. கதையிலேயே பாண்ட் இறந்தாயிற்று, அதோடு நிறுத்தியிருக்கலாமே என்று தோன்றுகிறது. ஒரு நடிகர் மாறுவதற்கு நமக்கு ஏன் இத்தனை கோபம்?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஒரு முகத்தோடு பதினைந்து வருடம் பழகியிருக்கிறோம், அது போகும்போது வருவது துக்கம். அதில் தவறே இல்லை. ஆனால் அந்தத் துக்கம் வசையாக மாறி, இன்னும் ஒரு காட்சியில்கூட நடிக்காத ஒருவர் தலையில் போய் விழுகிறது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

முதல் பாண்டுக்கே எதிர்ப்பு இருந்தது. அதுவும் பாண்டைப் படைத்தவரிடமிருந்தே. எடின்பரோவில் பால் வண்டி ஓட்டிய ஷான் கானரி தன் கனவானுக்குப் பொருந்துவாரா என்று இயான் ஃபிளெமிங்குக்குப் பெரிய சந்தேகம். 1962இல் 'டாக்டர் நோ' வந்தது, சந்தேகம் போனது. 1964இல் வந்த நாவலில் பாண்டின் அப்பா ஸ்காட்லாந்துக்காரர் என்றே எழுதினார் ஃபிளெமிங். புத்தகத்தில் பாண்டின் முடி கறுப்பு, அதனால் பொன்னிற முடிக்காரரான கிரெய்க் கூடாது என்றவர்கள் இதை யோசித்திருக்கலாம். எழுதியவரே நடிகருக்காகத் தன் கதாபாத்திரத்துக்கு இடம்விட்டிருக்கிறார். கறுப்பின நடிகர் இத்ரிஸ் எல்பா பெயர் வந்தபோது பேச்சு நடிப்பை விட்டுத் தோலின் நிறத்துக்குப் போனதே, அதைத் துக்கம் என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். என் பதில் கானரிக்கு அடுத்துப் பாண்டாக வந்த ஜார்ஜ் லாசன்பியிடம் இருக்கிறது. ஆஸ்திரேலியாக்காரர், விளம்பர மாடல், அதற்கு முன் சொல்லிக்கொள்ளும்படி எதிலும் நடித்ததில்லை. கானரிக்குத் தைத்து அவர் வாங்காமல் விட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு, கானரி போகும் சலூனில் முடிவெட்டிக்கொண்டு போய் நின்று வாய்ப்பு வாங்கினார். 1969இல் வந்த 'ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்' படமும் அதே கவலையோடுதான் தொடங்குகிறது. முதல் சண்டை முடிந்ததும், முந்தைய ஆளுக்கு இப்படி நடந்ததே இல்லை என்று அவர் நம்மைப் பார்த்துச் சொல்கிறார். பெயர்கள் ஓடும்போது பழைய படங்களின் துண்டுகள். அப்புறம் மேஜை டிராயரிலிருந்து பழைய படங்களின் பொருள்களை ஒவ்வொன்றாக எடுக்கிறார், அந்தந்தப் படத்தின் இசையோடு. இவரும் அவரேதான், நம்புங்கள் என்று படம் கெஞ்சுகிறது. கெஞ்சக் கெஞ்ச நமக்குக் கானரி ஞாபகம்தான் வருகிறது. பாவம், அந்த மனிதர் என்னதான் செய்வார்?

ஆனால் கடைசிக் காட்சியைப் பாருங்கள். கல்யாணமாகிச் சில மணி நேரம்தான் ஆகியிருக்கிறது. காரில் மனைவி சுடப்பட்டு இறந்து கிடக்கிறாள். வந்து நிற்கும் போலீஸ்காரரிடம், ஒன்றுமில்லை, அவள் ஓய்வெடுக்கிறாள் என்கிறான் பாண்ட். அங்கே லாசன்பி யாரைப் போலவும் இல்லை. அந்த இரண்டு நிமிடத்துக்காகவே அவருக்கு இன்னொரு படம் கிடைத்திருக்க வேண்டும் என்று நான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் பாண்டின் காலம் முடிந்துவிட்டது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, படம் வெளியாகும் முன்பே அவரே விலகுவதாக அறிவித்துவிட்டார்.

தயாரிப்பாளர்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள். 1973இல் ரோஜர் மூர் வந்தபோது கானரியின் அடையாளங்களை முடிந்தவரை எடுத்துவிட்டார்கள். சிகரெட்டுக்குப் பதில் சுருட்டு, மார்ட்டினிக்குப் பதில் போர்பன் விஸ்கி. இத்தனைக்கும் மூர் கானரியைவிடக் கிட்டத்தட்ட மூன்று வயது மூத்தவர். ஏழு படங்கள் நடித்தார்.

கிரெய்க் விஷயம் உங்களுக்கே தெரியும். 2005 அக்டோபரில் தேம்ஸ் நதியில் கடற்படைப் படகில் வந்து இறங்கினார். அவர் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததையே கேலி செய்தார்கள். முடி பொன்னிறம், உயரம் போதாது, கியர் கார் ஓட்டத் தெரியாது என்றெல்லாம் எழுதினார்கள். படத்தைப் புறக்கணிக்கச் சொல்லித் தனி இணையதளமே நடந்தது. அதற்கெல்லாம் படம் எப்படிப் பதில் சொன்னது என்று கவனித்திருக்கிறீர்களா? லாசன்பி படம் பழைய அடையாளங்களை முதலிலேயே எடுத்துக் கடை பரப்பியது. 'கேசினோ ராயல்' எல்லாவற்றையும் ஒளித்து வைத்தது. இன்னும் 007 ஆகாத ஒருவனிடமிருந்து கதை தொடங்குகிறது. கழிவறையில் மூச்சுத் திணறத் திணறச் சண்டை போடுகிறான். ஷவருக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருக்கும் பெண்ணின் பக்கத்தில் போட்ட உடையோடு உட்கார்ந்து நனைகிறான். 'பாண்ட், ஜேம்ஸ் பாண்ட்' என்று அந்தப் பெயரை அந்தப் புகழ்பெற்ற விதத்தில் அவன் சொல்வது படத்தின் கடைசி வசனமாக. பாண்ட் இசை முழுதாக ஒலிப்பதும் அதற்குப் பிறகுதான். இரண்டேகால் மணி நேரம் நம்மைக் காக்க வைத்துவிட்டுத் தருகிறார்கள். நீங்கள் இரண்டாம் முறை பார்த்தது அதற்காகத்தான் இருக்கும்.

அதனால் யார் நடிக்கிறார் என்பதில் எனக்குப் பெரிய கவலை இல்லை. எந்தக் கதையில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள் என்பதில்தான் கவலை. பாண்ட் இறந்ததோடு முடித்திருக்கலாம் என்கிறீர்கள். 'நோ டைம் டு டை' படத்தின் கடைசியிலேயே ஜேம்ஸ் பாண்ட் திரும்பி வருவார் என்று போட்டுவிட்டார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். இறந்தது கிரெய்க்கின் பாண்ட். அடுத்து வருபவர் எதையும் தொடர வேண்டியதில்லை, முதல் நாளிலிருந்து தொடங்கலாம். லாசன்பிக்குக் கிடைக்காத வசதி அது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. கிரெய்க்கை அத்தனை பேர் திட்டியபோது, இவர்தான் என்று விடாமல் நின்றவர் தயாரிப்பாளர் பார்பரா பிராக்கலி. 1962இலிருந்து இந்தப் படங்களைக் கையில் வைத்திருந்த குடும்பம் அது. படைப்பு முடிவுகள் 2025இல் அமேசான் எம்ஜிஎம் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டன. இயக்குநராக டெனி வில்நோவ் வந்ததில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. ஆனாலும் புதிய நடிகர்மேல் முதல் கல் விழும் நாளில் பார்பரா மாதிரி யார் வந்து பக்கத்தில் நிற்பார்கள்? பெரிய நிறுவனங்கள் கூச்சலுக்குச் சீக்கிரம் பணிந்துவிடும் என்று எனக்குப் பயம்.

லாசன்பி படத்தை நீங்கள் பார்த்ததாகக் கடிதத்தில் இல்லை. புதுப் படம் வருவதற்குள் பார்த்துவிடுங்கள். முதல் அரை மணி நேரம் கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கடைசிக் காட்சியில் உங்களுக்குக் கானரி ஞாபகம் வந்ததா என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.