அலைத்தொட்டியும் தூண்டில் வளைவும்: வாசகர் கேள்வி பதில்

என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். ஐஐடியில் கடல் பொறியியல் படிக்கவேண்டும் என்கிறான். கப்பலில் வேலைக்குப் போகிற படிப்பா அது? அங்கே என்னதான் செய்கிறார்கள்?
- ஒரு தாய், திருவொற்றியூர்

கப்பலில் போவதற்கான படிப்பு வேறம்மா. இது கப்பலை வடிவமைக்கவும், துறைமுகம், அலைதடுப்புச் சுவர், நடுக்கடல் எண்ணெய் மேடை எல்லாம் அலைக்குத் தாங்குமா என்று கணக்குப் போடவும் கற்றுத்தருகிற படிப்பு.

சென்னை ஐஐடி 1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கியது. கடல் பொறியியல் 1970களில் வந்தது. அப்போது அதற்குத் துறை என்று பெயரில்லை, மையம் என்றுதான் பெயர். எனக்கு அந்தப் பெயரே பிடிக்கும். சிவில் படித்தவர், மெக்கானிக்கல் படித்தவர், கப்பல் வடிவமைப்பு படித்தவர் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்தால்தான் கடல் வேலை நடக்கும். பின்னாளில் அது துறையாக வளர்ந்தது.

நான் ஒரு பாலிடெக்னிக்கில் சிவில் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். தொண்ணூறுகளில் எங்கள் பிள்ளைகளை அந்த ஐஐடி மையத்துக்கு அழைத்துப்போனேன். நீளமான தொட்டி, ஒரு முனையில் பலகை. மோட்டார் அந்தப் பலகையை முன்னும் பின்னும் தள்ளும். அலை கிளம்பி வந்து, நடுவிலே நிஜச் சுவருக்கு மாதிரியாக வைத்திருக்கிற சின்னக் கல்சுவரில் மோதும். மறு முனையில் சரிவாகக் கல் போட்டிருப்பார்கள், அலை திரும்பி வந்து அளவைக் கெடுக்காமல் இருப்பதற்காக. தண்ணீரில் இரண்டு மெல்லிய கம்பிகள் நிற்கும். நீர் ஏறி இறங்க, கம்பிகளுக்கிடையே ஓடும் மின்சாரம் மாறும். அதிலிருந்து அலையின் உயரத்தைப் படித்துவிடுவார்கள். 30 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் பெரிய தொட்டியும் அங்கே உண்டு.

ஒரு கணக்கு சொல்கிறேன், தம்பியிடம் காட்டுங்கள். மாதிரியை 25-ல் ஒரு பங்காகச் செய்தால், நேரம் 25-ன் வர்க்கமூலமான 5 மடங்கு சுருங்கும். கடலில் 10 விநாடிக்கு ஒரு அலை என்றால் தொட்டியில் 2 விநாடிக்கு ஒன்று. கல்லின் எடையோ 25-ஐ மூன்று முறை பெருக்கி வரும் 15,625-ல் ஒரு பங்கு. கரையில் கிரேன் தூக்கிப்போடுகிற 5 டன் கல், தொட்டியில் 320 கிராம். கையில் அடங்கிவிடும். மணலைத்தான் அப்படிச் சுருக்க முடியாது. 25-ல் ஒரு பங்காக்கினால் அது மணலாக இருக்காது, மாவாகி ஒன்றோடொன்று ஒட்டும். அதனால் மணல் ஓட்டத்தைத் தொட்டியோடு நிறுத்தாமல், கரையில் இறங்கி அளந்தும் கணினியில் போட்டும் பார்க்கிறார்கள்.

பல படிப்புக்காரர்கள் சேர்ந்து செய்கிற கூட்டு வேலைக்கு நல்ல சாட்சி கேரளத்து விழிஞ்ஞம். அங்கே மீன்பிடித் துறைமுக அலைதடுப்புச் சுவரை ஒட்டி, 1991-ல் அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் 150 கிலோவாட் சோதனை நிலையத்தை ஐஐடிக்காரர்கள் இயக்கினார்கள். கான்கிரீட் பெட்டியின் அடிப்பக்கம் கடலுக்குத் திறந்திருக்கும். அலை ஏறினால் உள்ளே இருக்கும் காற்று மேலே பிதுங்கும், இறங்கினால் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். காற்று எந்தப் பக்கம் போனாலும் ஒரே திசையில் சுற்றும் வெல்ஸ் டர்பைன்தான் அதன் உயிர். பெட்டி சிவில்காரர் வேலை, டர்பைன் மெக்கானிக்கல், ஜெனரேட்டர் எலெக்ட்ரிகல். இதில் ஒருவர் தப்பு செய்தாலும் விளக்கு எரியாது.

சேருவதற்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதவேண்டும். கணக்கிலும் இயற்பியலிலும் பிடிப்பு இருந்தால் தைரியமாக அனுப்புங்கள்.

எங்கள் குப்பத்துக்கு வடக்கே கல் கொட்டித் தூண்டில் வளைவு கட்டினால் எங்களுக்கு மணல் சேரும் என்கிறார்கள். அது கட்டினால் அடுத்த குப்பம் அரித்துப்போகும் என்கிறார்கள். எது நிஜம்?
- ஆட்டோ ஓட்டுநர், காசிமேடு

இரண்டும் நிஜம். தூண்டில் வளைவு என்பது மணலைப் பிடிப்பதற்காகக் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடுகிற கல்சுவர்.

நான் பிறந்ததும் இந்தக் கரைதான். சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே மூன்று வரிசை வீடுகள், அதைத் தாண்டி அம்மா நெத்திலி காயப்போட்ட மணல். நான் பத்தாவது போகும்போது ஒரு வரிசைதான் மிச்சம். ராத்திரியில் அலை சுவரில் மோதும் சத்தம் கேட்டால் அப்பா எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும் வடக்கிலிருந்து வருவதை வன்னி என்றும் நம் பெரியவர்கள் சொல்வார்கள். வருடத்தில் அதிக நாள் அலை தெற்கிலிருந்து சாய்ந்து அடித்து மணலை வடக்கே நகர்த்தும். வடகிழக்குப் பருவக்காற்று நாட்களில் கொஞ்சம் திரும்பும். கூட்டிக் கழித்தால் மணலின் பயணம் வடக்கு நோக்கித்தான். 1870களில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் நீட்டினார்கள். 1881 புயல் அதை உடைத்தது, மறுபடியும் கட்டினார்கள். அந்தச் சுவர் தெற்கே மணலைப் பிடித்து நிறுத்தியது, மெரினா அகலமானது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. ஆனால் இங்கே இருந்த மணல் மட்டும் வழக்கம்போல வடக்கே போய்க்கொண்டே இருந்தது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை கரைந்த கதை இதுதான்.

ராயபுரம் பக்கம் 2004 வாக்கில் வரிசையாகப் போட்ட தூண்டில் வளைவுகள் ஐஐடி கடல் பொறியியல்காரர்கள் வடிவமைத்தவை. அங்கே இடையிடையே மணல் சேர்ந்ததை நானே நடந்து பார்த்திருக்கிறேன். நல்ல வேலை. ஆனால் அந்தக் கல்லும் ஒரு குட்டித் துறைமுகச் சுவர்தான். தெற்குப் பக்கம் பிடிக்கிற மணல் வடக்கே இருக்கிறவனுக்குப் போகவேண்டியது. அதனால் ஒரு குப்பம் போராடினால் அங்கே இரண்டு, அடுத்த குப்பம் போராடினால் இங்கே இரண்டு என்று கல் கொட்டக்கூடாது. மணல் முழுக் கரைக்கும் சேர்ந்த ஒரே ஆறு. மொத்தமாக அளந்து, வடக்கே போகப்போக வளைவின் நீளத்தைக் குறைத்து, இடைவெளியில் வெளியிலிருந்து மணலும் கொட்டவேண்டும். துறைமுகத்துக்குத் தெற்கே தேங்குகிற மணலை எடுத்து வடக்கே போடுவதுதான் நியாயம் என்று நான் நினைக்கிறேன். செலவாகும். ஆனால் அது நம்மிடம் வரவேண்டிய மணல்.

தம்பி, உங்கள் குப்பத்து ஆட்களோடு அடுத்த குப்பத்து ஆட்களையும் கூட்டிக்கொண்டு போய் ஒரே மனுவாகக் கொடுங்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். இப்போதிருக்கிற வளைவில் தெற்குப் பக்கமும் வடக்குப் பக்கமும் ஒரு கம்பு நட்டு, மாதாமாதம் பௌர்ணமிக்கு மறுநாள் கம்பிலிருந்து தண்ணீர் வரை எத்தனை அடி என்று எழுதி வையுங்கள், ஒரு வருடத்துக்கு. அந்த நோட்டை மனுவோடு சேர்த்துக் கொடுங்கள்.